ஈரத் தரையில் யாரும் பெருக்க மாட்டார்கள்

“பிடிச்சுதா, பிடிக்கலையா? ரெண்டுல ஒன்னைச் சொல்றதுக்கு இவ்வளவு நேரமா?”

பத்தாம் வகுப்பில் டீச்சர் என்னைக் கேட்ட கேள்வி இது. பேச்சுப் பயிற்சி என்று வாரம் ஒரு பாடவேளை உண்டு. கடைசியாகப் பார்த்த படத்தைப் பற்றி ஆளுக்கு இரண்டு நிமிடம் பேச வேண்டும். எனக்கு முன்னால் பேசியவள் கதை முழுவதையும் சண்டைச் சத்தத்தோடு சொல்லிக் கைத்தட்டல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் எழுந்து நின்றேன். சொல்ல நிறைய இருந்தது. அந்தப் படத்தில் தங்கை செத்துப்போகிறாள். அடுத்த காட்சியிலேயே அண்ணன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு ஆடுகிறான். அந்தச் சட்டையை அவனுக்கு யார் தேய்த்துக் கொடுத்திருப்பார்கள் என்று எனக்கு இரண்டு நாளாக மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தேன். நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. நாற்பது தலைகள் திரும்பின. அப்போதுதான் டீச்சர் அப்படிக் கேட்டார்.

இரண்டில் ஒன்றைக்கூட நான் சொல்லவில்லை. மறுநாள் வயிற்று வலி என்றேன். அதற்கு மறுநாளும் வலித்தது. மூன்று நாள் போகாமல் இருந்தது மூன்று மாதம் ஆனது. அப்புறம் பள்ளிக்கூடம் என்னைத் தேடுவதை விட்டுவிட்டது. இதில் அழ ஒன்றும் இல்லை. என்னைப் பார்த்து அழுகிறவர்களைத்தான் எனக்குப் பிடிக்காது.

வீட்டில் என் பெயர் ஊமைக்கோட்டான். அம்மா வைத்தது.

அம்மா வேலை பார்க்கும் தியேட்டரிலேயே எனக்கும் வேலை கிடைத்தது. நானூற்றுப் பன்னிரண்டு இருக்கைகள். ஒரு ஷோ விட்டு அடுத்த ஷோ தொடங்குவதற்குள் இருபத்தைந்து நிமிடம். அதற்குள் மேல் வரிசையிலிருந்து கீழ் வரிசை வரை பெருக்கி முடிக்க வேண்டும். இடப்பக்கம் அம்மா, வலப்பக்கம் நான். முதலில் மடக்கு இருக்கைகளைத் தட்டிவிட வேண்டும், மடிப்புக்குள் சிக்கிய பாப்கார்ன் உதிரும். பிறகு வரிசை வரிசையாகத் தள்ளி, படிக்கட்டு ஓரத்தில் குவித்து, முறத்தில் அள்ளிச் சாக்கில் போட வேண்டும். எங்காவது குளிர்பானம் கொட்டியிருந்தால் துணி போட்டு ஒற்றிக் காயவிட்டுக் கடைசியில் அங்கே வர வேண்டும். ஈரத்தில் துடைப்பத்தை வைத்தால் பாப்கார்ன் கூழாகித் தரையோடு அப்பிக்கொள்ளும். துடைப்பமும் போச்சு, தரையும் போச்சு.

ஒரு படம் எப்படி என்று தரையைப் பார்த்தே சொல்லிவிடலாம். படம் ஆளைப் பிடித்து உட்கார வைத்திருந்தால் டப்பாக்களில் பாதி பாப்கார்ன் மிச்சம் இருக்கும். சாப்பிட மறந்திருப்பார்கள். அறுவைப் படம் என்றால் டப்பா சுத்தமாகக் காலி. டிக்கெட்டைச் சுக்குநூறாகக் கிழித்துப் போட்டிருப்பார்கள். பேய்ப் படத்தில் ஒரே நேரத்தில் நாலு வரிசைக்கும் தூக்கிவாரிப் போட்டு பாப்கார்ன் சிதறியிருக்கும். எந்த இடத்தில் என்று அம்மாவுக்குத் தெரியும்.

டார்ச் அடித்து ஆட்களை இருக்கையில் உட்கார வைக்கும் பெரியவரை எல்லாரும் டார்ச் மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் முதல் ஷோ விட்டதும் கதவருகே வந்து நிற்பார்.

“என்னம்மா, ரிசல்ட்?”

“நாலு மூட்டைக் குப்பை,” என்பாள் அம்மா.

“ஓடுமா?”

“ஓடும். எங்க இடுப்பு ஓடாது.”

எனக்கு வாரம் ஒரு நாள் விடுமுறை. அன்றைக்கும் தியேட்டருக்குத்தான் போவேன். டிக்கெட் எடுத்துக்கொண்டு, எங்கள் தியேட்டரில் இல்லை, அடுத்த தெருவில் இருப்பதில் போய் உட்காருவேன். யாரோ ஒருத்தி எனக்கும் சேர்த்துப் பெருக்குவாள் என்பதால் காலடியில் எதையும் போட மாட்டேன். வந்து நோட்டில் எழுதுவேன். நோட்டுகள் எங்கள் தியேட்டரின் மாடிப்படிக்கு அடியில், பிளீச்சிங் பவுடர் டப்பாவுக்குப் பின்னால் இருந்தன. அந்த நாற்றத்துக்குப் பயந்து யாரும் அங்கே கை விட மாட்டார்கள்.

மழையில் ஐம்பது பேரை அடிக்கும் படத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். ஐம்பது பேரும் சேற்றில் கிடக்கிறார்கள், நாயகன் சட்டையில் சேறு ஒரு பொட்டு இல்லை. அந்த ஐம்பது பேரும் அப்புறம் எப்படி வீடு போய்ச் சேர்ந்தார்கள்? அவர்கள் துணியை யார் துவைத்தார்கள்?

காதல் படம் ஒன்று நூறு நாள் ஓடியது. அதில் அவள் ஏழு தடவை வேண்டாம் என்கிறாள். எண்ணினேன். எட்டாவது தடவை சிரிக்கிறாள். அந்த எட்டாவதுதான் உண்மை என்கிறது படம். நான் முதல் ஏழையும் நம்புகிறேன் என்று எழுதினேன்.

பேய்ப் படத்தில் பேய்க்கு நியாயமான கோபம். ஆனால் தன்னைக் கொன்றவன் அடுத்த தெருவில் கார் துடைத்துக்கொண்டிருக்க, அது வாடகைக்குக் குடிவந்த குடும்பத்தைத்தான் போட்டுப் படுத்துகிறது. பேய்கூட ஆள் பார்த்துத்தான் வேலையைக் காட்டுகிறது.

எனக்குப் பிடித்த படமும் உண்டு. இரண்டு அக்கா தங்கை ஒரு தையல் மெஷினுக்காகச் சண்டை போடுகிறார்கள், அவ்வளவுதான் கதை. பேச்சுவார்த்தை இல்லாத நாளிலும் அக்கா, தங்கைக்குச் சர்க்கரை ஆகாது என்பதற்காக அவள் டீயை மட்டும் தனியாக எடுத்து வைக்கிறாள். யாரும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. கேமராகூட அங்கே நிற்கவில்லை, நகர்ந்துவிட்டது. எங்கள் தியேட்டரில் பதினோரு பேர்தான் பார்த்தார்கள். மூன்று நாளில் எடுத்துவிட்டார்கள். அன்றைக்குப் பெருக்க மறந்து வாசல் படியில் உட்கார்ந்திருந்தேன். அம்மா துடைப்பக் கட்டையால் முதுகில் ஒன்று போட்டாள்.

இப்போது மேனேஜரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் மேனேஜர் எந்தப் படத்தையும் பத்து நிமிடத்துக்கு மேல் பார்க்க மாட்டார். ஆனால் விளம்பரத்தில் மன்னன். தியேட்டரின் வெளிவாசலில் ஒரு மேஜை போட்டு, அதில் நீல அட்டை நோட்டு ஒன்றைச் சணல் கயிற்றால் கட்டி, பேனாவையும் கட்டி, ‘உங்கள் கருத்தை எழுதுங்கள்’ என்று எழுதி வைத்தார். அந்தப் பக்கங்களைப் போனில் படம் எடுத்துத் தியேட்டரின் இணையப் பக்கத்தில் போடுவார்.

“நட்சத்திரம் போடுறதெல்லாம் இப்ப யாரும் நம்புறதில்லை. கைப்பட எழுதினா நம்புவாங்க,” என்பார்.

பிரச்சினை என்னவென்றால் ஒருவரும் எழுதவில்லை. படம் விட்டால் எல்லாருக்கும் வண்டியை எடுக்கிற அவசரம். ஒரு நாள், குழாய் ஒழுகுகிறது என்று நான் எழுதி ஒட்டிய சீட்டை மேனேஜர் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் மற்றவர்களின் வீட்டுப்பாடத்தை அவரவர் கையெழுத்தில் எழுதிக் கொடுத்துப் பழகிய கை இது என்று அம்மா பெருமையாக உளறிவைத்தாள்.

“ஒரு படத்துக்குப் பத்துப் பேர் போதும்,” என்றார் மேனேஜர். “அந்தப் பத்துப் பேரும் நீதான்.”

அப்படித்தான் நான் பத்துப் பேர் ஆனேன். கை நடுங்கும் ஓய்வுபெற்ற குமாஸ்தா. எழுத்தை உருட்டி உருட்டிப் போடும் கல்லூரிப் பெண். அழுத்தி எழுதித் தாளைக் கிழிக்கும் மெக்கானிக். புதிதாகக் கல்யாணமான கணவன் மனைவி, அவர் நாலு வரி, இவள் நாலு வரி. பெரிய பெரிய எழுத்தில் ஒரு சிறுமி. எல்லாருக்கும் எல்லாப் படமும் பிடித்தது. மேனேஜர் ஒரு வரி வாசித்ததில்லை. பக்கத்தைப் புரட்டி, கையெழுத்துகள் வேறு வேறாக இருக்கின்றனவா, பக்கம் நிறைந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். நிறைந்த பக்கமாகப் பார்த்துப் படம் எடுப்பார். வெட்கமாக இருந்தது என்று நான் சொன்னால் அது பொய். பத்துப் பேராக இருப்பது எனக்குச் சுகமாகத்தான் இருந்தது. ஒரே ஆளாக இருப்பதுதான் கஷ்டம்.

பிறகு அந்தப் படம் வந்தது.

சுவரொட்டியில் ஒரு பெண் துடைப்பத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தாள். மேனேஜர் எங்களைக் கூப்பிட்டார். “இது உங்க படம். உங்களுக்காகவே எடுத்திருக்காங்க. முதல் ஷோ நீங்க உக்காந்து பாக்கறீங்க, நடு வரிசையில.” அன்றைக்குப் பெருக்க வெளியிலிருந்து ஆள் வரவழைத்திருந்தார்.

அம்மா பெட்டியிலிருந்து நல்ல புடவையை எடுத்துக் கட்டினாள். பன்னிரண்டு வருடம் வேலை பார்த்த தியேட்டரில் அவள் இருக்கையில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். உட்காரும் முன் குனிந்து, கீழே சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்தாள். மேனேஜர் கொடுத்த பாப்கார்னை மடியில் வைத்துக்கொண்டாள்.

படத்தில் ஓர் அம்மா பெரிய அலுவலகத்தில் பெருக்குகிறாள். அவளுக்கு ஒரு மகள், பள்ளிக்கூடத்தை விட்டவள், பேசவே மாட்டாள், பெரிய கண்களால் சன்னலைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். புதிதாக ஓர் அதிகாரி வருகிறார். மகளுக்கு ஒரு பேனா வாங்கித் தருகிறார். கையைப் பிடித்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுகிறார். கடைசியில் அவள் மேடை ஏறிப் பேசுகிறாள். அம்மா அதிகாரியின் காலில் விழுகிறாள். தியேட்டர் முழுக்க மூக்கை உறிஞ்சும் சத்தம். எங்களுக்குப் பின்னால் இருந்த ஒரு அம்மாள் என் தோளைத் தொட்டுத் தடவிக்கொடுத்தார். நான் யார் என்று அவருக்கு மேனேஜர் சொல்லியிருக்க வேண்டும்.

அம்மா அழவில்லை. பாப்கார்னையும் தொடவில்லை. ஷோ விட்டதும் பின்கட்டுக் குழாயடிக்குப் போய்க் கையை ரொம்ப நேரம் கழுவினாள்.

“ஏன்டி, நான் இப்படித்தான் இருக்கேனா?”

“எப்படி?”

“இப்படி… பாவமா.”

நான் குழாயை மூடினேன். அன்றைக்கு டார்ச் மாமா வந்து ரிசல்ட் கேட்டபோது அவள் மூட்டைக் கணக்குச் சொல்லவில்லை. “தெரியாது, நான் பெருக்கலை,” என்று போய்விட்டாள்.

மாலை ஷோ ஓடிக்கொண்டிருந்தபோது மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து கருத்து நோட்டை நிரப்பினேன். குமாஸ்தா கண்கலங்கினார். கல்லூரிப் பெண் தன் அம்மாவை நினைத்துக்கொண்டாள். மெக்கானிக் மூன்றாம் தடவை பார்க்கப் போவதாகச் சொன்னார். பத்துப் பேரும் முடிந்தார்கள். பேனாவை மூடினேன், திறந்தேன். பதினோராவதாக ஒரு பக்கம் எழுதினேன். என் சொந்தக் கையெழுத்தில். அந்த நோட்டில் அதுவரை அந்தக் கையெழுத்து வந்ததே இல்லை. மேல் கோட்டிலிருந்து கீழ்க் கோடு வரை, ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல் வந்தது. கிழித்துவிடலாம் என்றுதான் எழுதும்போது நினைத்தேன். எழுதி முடித்ததும் கிழிக்க மனம் வரவில்லை. மேனேஜர்தான் எதையும் வாசிக்க மாட்டாரே, கிடக்கட்டும் என்று மேஜையில் கட்டிவிட்டு வந்தேன்.

அவர் வாசிக்கவில்லைதான். பார்த்தார். பத்துப் பேரும் அரைப் பக்கம் முக்கால் பக்கம், ஒருவர் மட்டும் முழுப் பக்கம். இவ்வளவு பாராட்டி எழுதியிருக்கிறாரே என்று அந்த ஒரு பக்கத்தைப் பெரிதாகப் படம் எடுத்து, ‘ஒரு ரசிகரின் நெஞ்சிலிருந்து’ என்று தலைப்புப் போட்டு, படக் குழுவின் பெயர்களையும் சேர்த்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்.

காலையில் நான் வரும்போது டார்ச் மாமா டிக்கெட் சன்னல் அருகே நின்று போனைப் பார்த்து வாய்விட்டு வாசித்துக்கொண்டிருந்தார். சுற்றி நாலு பேர்.

“‘குனிந்து பெருக்குகிறவளுக்கு இடுப்பு வலிக்கும். இந்த அம்மாவுக்கு நெஞ்சு மட்டும்தான் வலிக்கிறது.’ ஏ அப்பா, யாரோ நல்லாப் படிச்சவங்க. கிழிச்சுத் தொங்க விட்டிருக்காங்க. எத்தனை ஆயிரம் பேர் பாத்திருக்காங்க பாரு.”

என் காது சுட்டது. தலையைக் குனிந்தபடி உள்ளே போனேன். மேனேஜர் அறையில் என்னை நிற்க வைத்தார். மேஜையில் நீல நோட்டு திறந்திருந்தது. குழாய் ஒழுகுகிறது என்று எழுதிய பழைய சீட்டும் பக்கத்தில் இருந்தது.

“ரெண்டும் ஒரே கையெழுத்து. இல்லேங்காதே.”

நான் இல்லை என்று சொல்லவில்லை.

“உனக்கு எதுக்கும்மா இந்த வேலை? பத்துப் பேரா ஒழுங்கா இருந்தவதானே? டைரக்டரே போன் பண்ணிட்டார். மேட்னி முடியறப்ப வர்றார், கேமராவோட. எழுதினவங்களைப் பாக்கணுமாம்.” நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். “நான் சொல்றதைக் கேளு. இதே கையெழுத்துல இன்னொரு பக்கம் எழுது. ‘இரண்டாம் தடவை பார்த்தேன். முதலில் தவறாகப் புரிந்துகொண்டேன். இது என் அம்மாவின் கதை.’ அவ்வளவுதான். அவர் வந்ததும் அம்மா பக்கத்துல நின்னு அதை வாசி. கேமரா எடுத்துக்கும். எல்லாம் சுபம்.”

என் கை அந்த நோட்டுப் பக்கம் போகவில்லை.

“முடியாதுன்னா சொல்லிடு. நாளையிலேருந்து நீயும் வர வேண்டாம், அம்மாவும் வர வேண்டாம்.”

அம்மா பாப்கார்ன் மெஷின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு விஷயம் முன்பே வந்து சேர்ந்திருந்தது.

“எழுதிக் குடுத்துட்டுப் போயேன்டி. பத்துப் பேரா எழுதுறவ, இன்னொரு ஆளா எழுதினா கை ஒடிஞ்சா போகும்?”

“அது இன்னொரு ஆள் இல்லைம்மா. நான்.”

“பெரிய நான்.” துணியை உதறினாள். “எனக்கு இந்த வயசுக்கு மேல எவன் வேலை குடுப்பான்? யோசிச்சியா?”

யோசித்திருந்தேன். அதனால்தான் மேனேஜரிடம் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் துணியை மடித்து வைத்தாள். பிறகு மெஷினின் கதவைச் சாத்தினாள்.

“அப்படி என்னத்தைத்தான் எழுதின? வாசி.”

யாருக்கும் நான் வாசித்துக் காட்டியதில்லை. டார்ச் மாமாவின் போனை வாங்கி வந்து, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, மெதுவாக வாசித்தேன்.

“‘இந்தப் படத்தில் அம்மா ஈரத் தரையில் பெருக்குகிறாள். ஈரத் தரையில் யாரும் பெருக்க மாட்டார்கள். அவள் குவித்து வைத்த குப்பையை மூன்று பேர் மிதித்துக்கொண்டு போகிறார்கள். ஒருவரையும் அவள் திட்டவில்லை. மறுபடி பெருக்கி, வானத்தைப் பார்க்கிறாள். குனிந்து பெருக்குகிறவளுக்கு இடுப்பு வலிக்கும். இந்த அம்மாவுக்கு நெஞ்சு மட்டும்தான் வலிக்கிறது. இரண்டரை மணி நேரத்தில் அவள் ஒரு தடவை சிரிக்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு அம்மா இதே வேலை பார்க்கிறாள். அவள் குப்பையை யாராவது மிதித்தால் அவர்கள் ஏழு தலைமுறைக்கும் வாங்கிக் கட்டிக்கொண்டுதான் போவார்கள். படம் நன்றாக இருக்கிறதா என்று மூட்டையை வைத்துச் சொல்வாள். அவளிடம் யாரும் கேட்காமல் இந்தப் படத்தை எடுத்திருக்கிறார்கள். மகள் பேசாதவள் என்பதால் அவளுக்குள் ஒன்றும் இல்லை என்று நினைத்துவிட்டார்கள். பேனாவை அதிகாரி தந்த பிறகுதான் அவளுக்கு எழுத வருகிறதாம். பேனா கடையில் கிடைக்கும். படம் பார்த்து எல்லாரும் அழுதார்கள். யாருக்காக அழுதார்களோ அவர்கள் இரண்டு பேர் அழவில்லை. எனக்குப் பிடிக்கவில்லை.’”

‘ஏழு தலைமுறை’ வந்தபோது அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முடிந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

“வாயைத் திறந்தா ஒரு வார்த்தை வராது. உள்ள இவ்வளவு வெச்சிருக்கியா, ஊமைக்கோட்டான்.”

எழுது என்றும் சொல்லவில்லை, எழுதாதே என்றும் சொல்லவில்லை. “மேட்னி அஞ்சு மணிக்கு விடும். சாக்கு எடுத்துட்டு வந்துடு,” என்று மட்டும் சொன்னாள்.

ஐந்து மணிக்கு விளக்குகள் எரிந்தன. ஆட்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியேறினார்கள். நாங்கள் மேல் வரிசையில் தொடங்கினோம். எட்டாவது வரிசைக்கு வந்தபோது பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு மேனேஜர் வந்தார். பின்னால் கேமராவோடு ஒருவன், அவனுக்குப் பின்னால் டைரக்டர். வேடிக்கை பார்க்க டார்ச் மாமா. டைரக்டர் நான் நினைத்ததைவிடச் சின்ன வயது. பல நாள் தூங்காத முகம். எங்கள் படிக்கட்டில் ஏறி வந்து, நான் நின்ற வரிசையின் முனையில் நின்றார்.

“இந்தப் பொண்ணுதான் சார்,” என்றார் மேனேஜர். “சின்னப் பொண்ணு, ஏதோ தெரியாத்தனமா எழுதிட்டா. இப்ப அவளே சொல்லுவா. சொல்லும்மா.”

கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது.

“பயப்படாதம்மா,” என்றார் டைரக்டர். நல்ல குரல். “மனசுல இருக்கறதைச் சொல்லு. படம் உனக்குப் பிடிச்சுதா?”

நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. நாற்பது தலைகள் இல்லை, நாலுதான். இருந்தாலும் அதே மாதிரிதான் இருந்தது. மேனேஜர் என்னைப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்தார். எதிர்ப் பக்கத்தில் அம்மா பெருக்குவதை நிறுத்தவில்லை. துடைப்பத்தின் சரக் சரக் மட்டும் கேட்டது.

“பிடிக்கலை,” என்றேன்.

எனக்கே தூக்கிவாரிப் போட்டது. வெறும் தியேட்டரில் குரல் அவ்வளவு பெரிதாகக் கேட்கும் என்று நான் நினைக்கவில்லை.

மேனேஜர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். டைரக்டர் கேமராக்காரனின் தோளைத் தொட்டார். சிவப்பு விளக்கு அணைந்தது.

“நான் ஆறு மாசம் இந்த வேலை பாக்கறவங்க கூடவே இருந்தேன்மா,” என்றார். “சும்மா எடுக்கலை.”

“அவங்க ஈரத்துல பெருக்கினாங்களா சார்?”

“இல்லை.” எங்கள் தரையைப் பார்த்தார். “தரையை நாங்கதான் நனைச்சோம். ஈரமா இருந்தா வெளிச்சம் பட்டு மின்னும். ஃப்ரேம் அழகா இருக்கும்.”

“அழகாத்தான் சார் இருந்தது. ஆனா பெருக்க முடியாது.”

டார்ச் மாமா இருமுவதுபோலத் திரும்பிக்கொண்டார். டைரக்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் முகம் கனிந்துவிட்டது. அந்தக் கனிவை எனக்குத் தெரியும். படத்தில் அதிகாரிக்கு அதே முகம்தான்.

“நீ எத்தனாவது வரைக்கும் படிச்ச?”

“பத்து. பாதி.”

“இவ்வளவு நல்லா எழுதறியே. திரும்பப் படிக்கணும்னு ஆசை இல்லையா? நான் ஏற்பாடு பண்றேன். எந்த ஸ்கூல்னாலும் சரி.” கேமராக்காரனைப் பார்த்தார். அவன் கேமராவை மறுபடி தோளுக்குத் தூக்கினான். சிவப்பு விளக்கு எரிந்தது.

மேனேஜரின் கை தலையிலிருந்து இறங்கியது. அவருக்கு உயிர் வந்துவிட்டது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அம்மா வேலை தப்பும், என் வேலை தப்பும், பள்ளிக்கூடமும் கிடைக்கும். எல்லாரும் இன்னொரு தடவை அழலாம்.

“வேண்டாம் சார்,” என்றேன். இந்தத் தடவை நாக்கு ஒட்டவில்லை. “அது உங்க படத்துல வர்ற பொண்ணு. நான் படிக்கப் போகணும்னா நானே போயிப்பேன்.”

அவர் என்னை விட்டுவிட்டு அம்மாவின் பக்கம் திரும்பினார். பெரியவர்கள் புரிந்துகொள்வார்கள் என்று நினைத்திருக்கலாம். “நீங்க சொல்லுங்கம்மா. உங்க வாழ்க்கையைத்தானே நான்…” என்று சொல்லிக்கொண்டே, அம்மாவும் கேமராவும் நேராக வரும்படி ஓர் அடி பின்னால் வைத்தார்.

அங்கே அம்மா குவித்து வைத்த குப்பை இருந்தது. எட்டு வரிசைக் குப்பை. அவர் கால் கணுக்கால் வரை அதற்குள் போனது. தடுமாறி அதை உதைத்தார். பாப்கார்னும் டப்பாவும் கிழிந்த டிக்கெட்டும் படிக்கட்டு வழியாகக் கீழ் வரிசை வரைக்கும் சரசரவென்று உருண்டு போயின.

“தம்பி, கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?”

சொன்னது அம்மா.

“இடுப்பு ஒடியக் குவிச்சு வெச்சிருக்கேன், மாடு மாதிரி மிதிச்சுத் தள்ளிட்டு நிக்கிறீங்களே. காலைத் தூக்குங்க. அந்தக் காலில்லை, இந்தக் காலு. ஷூவுக்கு அடியில எல்லாம் ஒட்டிக்கிட்டு இருக்கு பாருங்க. அதோடயே நடந்து போயி நான் பெருக்குன வரிசையெல்லாம் தூவுவீங்க.”

அவர் ஒரு கையால் இருக்கையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றார். அம்மா குனிந்து துடைப்பத்தால் அவர் காலடியை இரண்டு இழுப்பு இழுத்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டார்ச் மாமாவும் நானும் சேர்ந்து சிரித்தோம். அம்மா எங்களைப் பார்த்தாள், அவளுக்கும் அப்போதுதான் தான் யாரைத் திட்டினோம் என்பது உறைத்தது. முந்தானையை வாய்க்குக் கொண்டுபோனாள். பாதியில் கையை இறக்கிவிட்டாள்.

“ஏம்மா, என்ன பேச்சு இது,” என்று மேனேஜர் ஓடி வந்தார்.

“மேனேஜர் சார், அங்கயே நில்லுங்க, நீங்களும் மிதிச்சுடாதீங்க,” என்றாள் அம்மா. “இன்னும் பதினோரு நிமிஷம்தான் இருக்கு. ஜனம் வெளியில நிக்குது. நாளைக்கு எங்களை நிறுத்தறதா இருந்தா நாளைக்கு நிறுத்திக்கங்க. இப்ப ஓரமா நின்னா நாங்க வேலையைப் பாப்போம்.” பிறகு என் பக்கம் திரும்பி, “என்னடி வேடிக்கை? கீழ போனதை அள்ளு,” என்றாள்.

நான் சாக்கை எடுத்துக்கொண்டு இறங்கினேன். இரண்டு துடைப்பங்களின் சத்தம் மட்டும். கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டேதான் இருந்தது. அதை அணைக்கச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை போல.

டைரக்டர் தூக்கிய காலை மெதுவாகக் கீழே வைத்தார், குப்பை இல்லாத இடமாகப் பார்த்து. குனிந்து ஷூவின் அடியில் ஒட்டியிருந்ததைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டார். எங்கே போடுவது என்று சுற்றிப் பார்த்தார். நான் நின்ற வரிசைக்கு இறங்கி வந்து என் சாக்கில் போட்டார். அதற்குள் அம்மா அடுத்த குவியலைச் சேர்த்திருந்தாள். அதைச் சுற்றிக்கொண்டு, சுவரோரமாக நடந்தார்.

திறந்திருந்த பக்கவாட்டுக் கதவு வழியாக எனக்கு வெளிவாசல் மேஜை தெரிந்தது, அதில் நீல நோட்டு மறுபடி கட்டப்பட்டிருந்தது. அவர் அதைத் திறந்தார். வெற்றுப் பக்கம். கயிற்றில் தொங்கிய பேனாவை எடுத்தார், கொஞ்ச நேரம் வைத்திருந்தார், எழுதாமல் விட்டுவிட்டார். பேனா மேஜைக் காலில் இரண்டு தடவை தட்டியது. வெளிக் கதவைத் தோளால் தள்ளித் திறந்துகொண்டு, யாரையும் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.